ஒக்டோபர் 6க்குக் கேக் வெட்டினாப் போதுமா? ஆசிரியர்களை வருஷம் முழுக்க மதிக்கிற வழிகள் (மட்டக்களப்பு – அம்பாறை பெற்றோர் இழை)

#1 வாவிக்கரையான்

செப்டெம்பர் நடுப்பகுதி வந்தா வகுப்புக் குறூப்புகள்ல ஒரே கதைதான். தலைக்கு எவ்வளவு, கேக் எங்க ஓடர் பண்றது, ஆர் இன்னும் காசு தரல்ல. அதோட செப்டெம்பர் 5 அன்றைக்கே தமிழ்நாட்டில இருந்து வாழ்த்துப் படங்கள் வந்து குவியும். அது இந்தியாட நாள். உலக ஆசிரியர் தினம் ஒக்டோபர் 5, நம்மட நாட்டில கொண்டாடுறது 6. அந்த ஒரு நாள் முடிஞ்சா, பிள்ளைக்கு மார்க்ஸ் குறைஞ்சாத்தான் ரீச்சர் ஞாபகம் வருவா.

கேட்கிறது இதுதான்: அந்த ஒரு நாளைச் சின்னதாக்கி, மிச்சத்தை மூணு தவணைக்கும் பரப்புறதுக்கு என்ன வழி? காசு குறைவா, ஆசிரியருக்கு உண்மையிலேயே பிரயோசனமா. "அன்பு செலுத்துங்கள்" மாதிரிப் பதில் வேணாம். எப்ப, எவ்வளவு, ஆர் பொறுப்பு, எங்க பிழைக்கும் என்று எழுதுங்க.

#2 ஓய்வுநிலை_அதிபர்

தம்பி, முதலில் ஒரு விடயம். மாதத்தைப் பிடித்துத் திட்டம் போட வேண்டாம், தவணையைப் பிடியுங்கள். கொவிட்டுக்குப் பிறகு கல்வியாண்டும் பரீட்சைகளும் முன்பின்னாகப் போன வருடங்கள் உண்டு.

முதலாந் தவணையில் ஆசிரியர்களைப் பிழிந்தெடுப்பது இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. பாடமும் நடக்க வேண்டும், பின்னேரம் பயிற்சியும் நடக்க வேண்டும், இல்லம் சோடிப்பதும் அவர்கள் தலையில்தான். பரிசு எதுவும் தேவையில்லை, வேலையைப் பங்கு போடுங்கள். மைதானத்துக்குக் கோடு போடுவதற்கும் கூடாரம் கட்டுவதற்கும் மறுநாள் குப்பை அள்ளுவதற்கும் வகுப்புக்கு மூன்று பெற்றோர் வீதம் பெயர் கொடுத்தால், உடற்கல்வி ஆசிரியருக்கு இரண்டு நாள் மிச்சம். பெயர்ப்பட்டியல் போட்டிக்குப் பத்து நாளைக்கு முன்னர் அதிபர் கையில் இருக்க வேண்டும். அன்று காலையில் இருபது பேர் திரண்டு வந்து "என்ன செய்யட்டும் சேர்?" என்று கேட்பது உதவியாகாது, அது இன்னொரு வேலை.

போட்டியன்று தண்ணீர். முப்பது ஆசிரியர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லீற்றர் என்றால் 45 லீற்றர், 19 லீற்றர்ப் போத்தல் மூன்று. தேசிக்காய்த் தண்ணீர் ஆளுக்கு இரண்டு கிளாஸ் கொடுப்பதானால் 30 தேசிக்காய், முக்கால் கிலோ சீனி, கிளாஸுக்கு ஒரு சிட்டிகை உப்பு. நடுவர் மேசைக்கு ஒரு கூசா, ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு கூசா. கன்ரீன் பக்கம் மட்டும் வைத்தால் வெயிலில் நிற்பவருக்கு அது கிடைக்காது.

இரண்டாந் தவணை அமைதியானது, நன்றிக் கடிதங்களுக்கு அதுதான் சரியான காலம். ஜூலை 19 விபுலானந்த அடிகளின் நினைவு நாள். காரைதீவில் 1892இல் பிறந்தவர், 1947இல் மறைந்தவர், அவரே ஒரு ஆசிரியர். அன்றைய காலைக் கூட்டத்தில் பேச்சுப் போட்டியோடு நிறுத்தாமல், ஐந்து மாணவர் தங்கள் கடிதத்தை வாசிக்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். புதிதாக ஒரு விழா எடுக்கத் தேவையில்லை.

மூன்றாந் தவணையில் ஒக்டோபர் 6, வாணி விழா, பரீட்சை, மழை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அந்த நேரம் புதிய நிகழ்ச்சி எதையும் தொடங்க வேண்டாம்.

#3 ஏறாவூர்_உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். காசு சேர்க்கிறதப் பத்திக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க. எங்கட குறூப்புல தலைக்கு 500 கேட்டிரிக்காங்க. மூணு புள்ள படிக்கிற ஊட்டுக்கு 1500. குடுக்காட்டி புள்ளைக்கு என்னவும் வருமோண்டு பயமா இரிக்கி.

#4 கணக்குப்புத்தகம்

றாத்தா, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பொருளாளர் வேலை தெரிஞ்சவன் என்ற முறையில சொல்றன். தலைக்கு 500 என்று வகுப்புக் குறூப்புல அறவிடுறதுக்கு ஆருக்கும் அதிகாரம் இல்ல. மாணவர்கிட்டப் பணம் சேர்க்கிறதக் கட்டுப்படுத்திக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிருக்கு. அரச பாடசாலை ஆசிரியர் அரச ஊழியர், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும். ஒரு பூவும் கடிதமும் குடுத்தா ஆரும் கேட்கப்போறதில்ல. தரம் 1 அனுமதி, வகுப்புப் பிரிப்பு, மாணவத் தலைவர் தெரிவு நடக்கிற நேரத்தில பெறுமதியான பொருள் குடுத்தா, குடுத்தவருக்கும் சிக்கல், வாங்கினவருக்கும் சிக்கல்.

காசு சேர்த்தே ஆகணும் என்றா இந்த ஒழுங்கில செய்யுங்க:

1. சங்கக் கூட்டத்தில தீர்மானம் எடுத்துக் கூட்டறிக்கையில பதியுங்க. என்ன நோக்கம், உச்சத்தொகை எவ்வளவு, ஆர் பொறுப்பு.
2. தொகை ஆளாளுக்கு விருப்பம். உச்ச வரம்பை மட்டும் போடுங்க, குறைஞ்ச வரம்பு போடாதீங்க. வகுப்பில 35 பிள்ளை என்றா ஆளுக்கு 50 ரூபாயே 1750. அட்டைக்கும் பேனைக்கும் தாராளம்.
3. மூடின பெட்டியில போடச் சொல்லுங்க. பிள்ளைட கையில குடுத்தனுப்பி ரீச்சர் எண்ணி வாங்குற முறை கூடவே கூடாது.
4. வாங்கின பொருளுக்குப் பற்றுச்சீட்டு. மிச்சக் காசு சங்கக் கணக்குக்கு.

பிழைக்கிற இடம் எப்பவும் ஒண்டுதான்: "பணம் தந்தோர் பட்டியல்" என்று வட்ஸ்அப்புல போடுறது. பட்டியலில பேர் இல்லாத பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு வராது. ஆசிரியருக்கு நன்றி சொல்லப்போய் ஒரு பிள்ளைய வீட்டில இருத்தின கணக்காப் போகும்.

#5 சித்தாண்டி_மைந்தன்

சட்டம் கதைச்சுக் கதைச்சு நம்மட வழக்கத்தையே விட்டிருவம் போல. குருவுக்குத் தட்சணை குடுக்கிறது இலஞ்சமா? ஒரு சாரி, ஒரு பொன்னாடை, இதுல என்ன வந்திருச்சு?

#6 கணக்குப்புத்தகம்

அண்ணன், வழக்கத்த விடச் சொல்லல்ல. மட்டக்களப்பில பெரியவங்களுக்கு மரியாதை என்றா வெற்றிலை வட்டாதான் முதல்ல வரும். வட்டாவில வெற்றிலை, பாக்கு, ஒரு பூ வச்சு, வகுப்புத் தலைவர் எல்லாப் பிள்ளைகள்ட பேரிலயும் குடுக்கட்டும். ஒரே வட்டா, வகுப்புக்கு ஒண்டு. செலவும் இல்ல, ஒப்பீடும் இல்ல. சாரி என்றவுடன "5ஏ வகுப்பில பட்டு, நாம கொட்டன்" என்று தொடங்கும்.

பொன்னாடையப் பொறுத்தமட்டில, இருபது வருஷம் படிப்பிச்ச ஆசிரியர் வீட்டு அலுமாரியில ஒரு தட்டே பொன்னாடைதான். கட்டவும் ஏலாது, விரிக்கவும் ஏலாது, எறியவும் மனம் வராது. ஓய்வுபெறுகிற அன்றைக்கு மட்டும் வச்சுக்கொள்ளுங்க. அதையும் மருதமுனைக் கைத்தறியில ஒரு நல்ல சாறனா, சாரியா வாங்கினா உடுப்பாங்க, நெய்தவருக்கும் நாலு காசு.

#7 சித்தாண்டி_மைந்தன்

வட்டா விசயம் சரி. பொன்னாடைக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல. மேடையில போர்த்துறத ஊரே பாக்குது, அந்த மரியாதை கடிதத்தில வராது.

#8 கல்லடி_தமிழ்ரீச்சர்

வரும் தம்பி, கடிதம் ஒழுங்கா எழுதப்பட்டிருந்தா. இப்ப கிடைக்கிற அட்டைகள்ல முக்கால்வாசி "அறிவொளி ஏற்றிய அகல்விளக்கே" என்று தொடங்கும். எந்த ஆசிரியருக்கும் பொருந்துற கடிதம் எந்த ஆசிரியருக்கும் சொந்தமில்ல. பிள்ளைக்கு மூணே மூணு கேள்வி குடுங்க: ரீச்சர் செய்த ஒரு வேலை என்ன? அதுக்கு முதல் உனக்கு என்ன விளங்கல்ல? இப்ப என்ன செய்ய ஏலுது? அம்பது அறுபது சொல் போதும். தரம் 6 பிள்ளைக்கு ஒரு மாதிரி:

"மதிப்புக்குரிய கணித ரீச்சருக்கு, பின்னங்களைக் கூட்டும்போது நான் பகுதியெண்ணையும் சேர்த்துக் கூட்டுவேன். நீங்கள் தோடம்பழத்தை நான்காகவும் எட்டாகவும் வெட்டி மேசையில் வைத்த பிறகு, ஏன் அது பிழை என்று கண்டேன். இப்போது தம்பிக்கும் அதே மாதிரிச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றி ரீச்சர்."

இதில பாராட்டுச் சொல் ஒண்டுமே இல்ல. ஆனா எந்தப் பாடம் எடுபட்டது என்று ஆசிரியருக்குத் தெரியும், அடுத்த வருஷமும் தோடம்பழம் வாங்குவா.

செய்முறை: ஏ4 தாள், 160 கிராம் தடிப்பு, நடுவில மடிச்சா ஒரு அட்டை. மெல்லிய தாளில ஜெல் பேனை மறுபக்கம் ஊறும், போல்பொயிண்ட் பாவியுங்க. மினுக்கத்தூள் வேணாம், மேசையெல்லாம் ஒட்டும். ஒரு தவணைக்கு ஒரு பிள்ளை ஒரு கடிதம், ஆருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். விருப்பத்துக்கு விட்டா வகுப்பாசிரியருக்கு முப்பது வரும், சித்திர ஆசிரியருக்கு ஒண்டும் வராது. சீட்டு எழுத முன்னம் வகுப்பு நேரசூசியப் பாத்து எழுதுங்க. சங்கீதம், நடனம், உடற்கல்வி, தகவல் தொழில்நுட்பம், இரண்டாம் மொழி, நூலகப் பொறுப்பு, ஒருத்தரும் தவறமாட்டாங்க.

பெற்றோர் எழுதுற கடிதம் வேற. அது அதிபருக்கு முகவரியிட்டு, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி, அதிபர் ஊடாக. ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாது. ஆசிரியரின் முழுப்பெயர், பாடம், தரம், என்ன செய்தார், எக்காலத்தில. அதை ஆசிரியர்ட தனிப்பட்ட கோவையில (பைலில) சேர்க்கும்படி கடைசி வரியில கேளுங்க. மேடைப் பொன்னாடைய ஊர் ஒரு மணித்தியாலம் பாக்கும், கோவையில இருக்கிற கடிதம் அவர் ஓய்வுபெறும் வரைக்கும் கூடவே இரிக்கும்.

அதில எழுதக்கூடாத ரெண்டு: மற்ற ஆசிரியரோட ஒப்பிட்டு ஒரு வரி ("முன்னைய ஆசிரியர் போலன்றி…"), அவ்வளவுதான், ஆசிரியர் அறையில பகை. மற்றது, உங்கட பிள்ளைட முறைப்பாடு ஏதும் விசாரணையில இருக்கிற நேரத்தில எழுதுறது. நல்லெண்ணத்தில எழுதினாலும் பேரம் மாதிரித்தான் தெரியும்.

#9 சித்தாண்டி_மைந்தன்

பகுதியெண் கடிதம் நல்லாருக்கு ரீச்சர். எடுத்துக்கொள்றன்.

#10 சம்மாந்துறை_நானா

கலப்பா ஆசிரியர்கள் படிப்பிக்கிற பாடசாலைக்குக் கொஞ்சம் சேர்க்கிறன். நம்மட கரையில இது ரெண்டு மாவட்டத்திலயும் வரும்.

முஸ்லிம் ஆசிரியர்ட காலில விழுந்து கும்பிடப் புள்ளைகள விடாதீங்க. அவர் விலகினா புள்ளைக்குச் சங்கடம், விலகாட்டி அவருக்குச் சங்கடம். நிண்டு சலாம், இல்லாட்டி வணக்கம், கையில அட்டை. ஆம்பிளப் புள்ளைகள் பெரிய வகுப்பா இருந்தா ரீச்சர்மாருக்குக் கை குடுக்கச் சொல்லாதீங்க, பொட்டப் புள்ளைகள்ட கையால அட்டையக் குடுக்க வைங்க. படம் எடுத்தா முகநூலில போட முன்னம் ஒவ்வொரு ரீச்சர்கிட்டயும் தனித்தனியாக் கேளுங்க. மேடையில வச்சுக் கேட்டா ஆரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டாங்க.

நோன்பு மாசம் முஸ்லிம் பாடசாலைக்கு விடுமுறை. ஆனாத் தமிழ்ப் பாடசாலையில படிப்பிக்கிற முஸ்லிம் ஆசிரியர் நோன்போட வாறார். அந்த மாசம் தேத்தண்ணி விருந்து வச்சா அவர் ஒரு மூலையில இருக்கணும். பெருநாளுக்குப் பிறகு வைங்க. அதே மாதிரி வெள்ளிக்கிழமை பல இந்து ஆசிரியர்கள் மரக்கறி, முஸ்லிம் பாடசாலைகள் ஜும்ஆவுக்காக நேரத்தோட கலையும். செவ்வாய், புதன் பாத்து வைக்கிறது நல்லம், அதுவும் விரதநாளா எண்டு கலண்டரப் பாத்துட்டு.

கேக் எண்டா முட்டை இல்லாதது ஒண்டு தனியா. ஜெலற்றின் போட்ட புடிங், மாஷ்மலோ வாங்காதீங்க. வடை, சுண்டல், வாழைப்பழம் எண்டா ஆருக்கும் கேள்வியே இல்ல.

#11 ஏறாவூர்_உம்மா

ஜஸாக்கல்லாஹு ஹைர் நானா. தேத்தண்ணி எண்டு சொன்னீங்க, நாப்பது பேருக்கு அளவு என்ன? போன முறை ஒரு வகுப்பு வச்சதுல பாதி ஆளுக்குத்தான் கிடைச்சதாம்.

#12 அளவுக்கரண்டி

நாப்பது பேருக்கு, கோப்பை 150 மில்லிலீற்றர் என்று வச்சா 6 லீற்றர். பால்மா 400 கிராம் பைக்கற் ரெண்டு, தேயிலைத் தூள் 100 கிராம். சீனி 400 கிராம், ஆனா அதைத் தேத்தண்ணிக்குள்ள போடாதீங்க, வேற கிண்ணத்தில வைங்க. ஆசிரியர் அறையில சீனி வருத்தம் இருக்கிறவங்க கொஞ்சப் பேர் இல்ல. பால் குடிக்காதவங்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ 2 லீற்றர் மேலதிகமா.

உளுந்து வடை: ஒரு கிலோ உளுந்துக்கு 60க்குக் குறையாது, நாப்பது பேருக்குக் கணக்குக் காணும். நாலு மணித்தியாலத்துக்கு மேல ஊற விட்டா எண்ணெய் குடிக்கும். அரைச்ச மாவுக்கு உப்பு போடுறது சுடுற நேரத்தில. முதலே போட்டா மாவு இளகும், வடை வட்டமா நிற்காது.

போதாமப் போறது அளவால இல்ல, நேரத்தால. இடைவேளை இருபது நிமிஷம்தான். நாப்பது பேரும் ஒரே கேத்திலுக்கு முன்னால நின்றா பன்னிரண்டு நிமிஷம் வரிசையிலயே போயிரும். பிளாஸ்க் நாலு, மேசை ரெண்டு, கோப்பைகள்ல முதலே ஊத்தி வச்சு மூடுங்க. மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்னம் எல்லாம் தயாரா இருக்கணும். மறுகா, கோப்பை கழுவுறது பெற்றோர் பொறுப்பு. அதை அலுவலகப் பணியாளர் தலையில கட்டிட்டுப் போனா விருந்து ஒரு பக்கம், வயித்தெரிச்சல் ஒரு பக்கம்.

#13 படுவான்கரைப்_பாதை

ரவுண் பாடசாலைக்கு இதெல்லாம் சரி. வாவிக்கு மேற்கால வெல்லாவெளி, வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வாற ஆசிரியருக்கு வடையும் அட்டையும் பிறகு. பெரும்பாலானவங்க வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையில இருந்து மோட்டார் சைக்கிள்ல வாறாங்க. மண்முனைப் பாலம் 2014இல திறந்ததால அந்தப் பக்கம் லேசு. ஆனா குருமண்வெளி – மண்டூர்ப் பக்கம் பாதையை (வாவியக் கடக்கிற மிதவைய) நம்பினா, காத்து எழும்பின நாளில எப்ப போகும் என்று சொல்ல ஏலாது.

இந்தப் பக்கத்துப் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை தகவல். வடகீழ்ப் பருவ மழை காலத்தில எந்தப் போக்கில (மதகில) தண்ணி பாயுது, எந்தக் கட்டில யானை நிக்குது என்று காலை 5.45க்கு முன்னம் ஒரு குரல் பதிவு. அதுக்கு இப்பிடி ஒழுங்கு:

ஒவ்வொரு பாதைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் கண்ணால பாத்ததை மட்டும் சொல்லணும். "யானையாம்" என்று கேள்விப்பட்டதை அனுப்பினா ரெண்டு நாளில ஒருத்தரும் நம்பமாட்டாங்க. இடத்தைச் சொல்லும்போது ஊர்க்காரர் பேர் வச்சிருக்கிற மரத்தைச் சொல்லாம, பாலம், சந்தி, கோயில் என்று வெளியூரார் அறியிற அடையாளத்தைச் சொல்லுங்க. தண்ணி எவ்வளவு என்றா "கொஞ்சம்" என்று சொல்லாதீங்க: மோட்டார் சைக்கிள் சைலன்சருக்குக் கீழயா மேலயா? மேல என்றா வரவேணாம், அவ்வளவுதான். பொறுப்பாளர் அதிபருக்கும் ஒரு செய்தி போட்டா ஆசிரியர் பிந்தினதுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்ல.

பாடசாலையில வைக்க வேண்டியது: கைப்பம்பு ஒண்டு, ஒட்டுப் பெட்டி ஒண்டு, மழைக்கோட்டு கொழுவ ஒரு கயிறு (உள்ளுக்க இல்ல, தாவாரத்தில, உள்ளுக்க தொங்கவிட்டா பாடக்குறிப்புக் கொப்பிகள் நனையும்), நாலு துவாய். ஒரு கிராமத்து அபிவிருத்திச் சங்கத்துக்கு இது பெரிய செலவே இல்ல.

#14 ஓய்வுநிலை_அதிபர்

#13ஐ ஒவ்வொரு அதிபரும் அச்சடித்து ஒட்ட வேண்டும். ஒரு திருத்தம்: பாதைப் பொறுப்பாளர் இருவர் இருக்கட்டும். ஒருவர் வயலுக்குப் போன அன்றுதான் வெள்ளம் வரும்.

#15 வாவிக்கரையான்

நன்றி ஐயா. ஆரும் கதைக்காத ஒரு கூட்டம்: முன்பள்ளி ஆசிரியைகள், அறநெறிப் பாடசாலை, குர்ஆன் மத்ரஸாவில ஓதிக்கொடுக்கிறவங்க. ஒக்டோபர் 6 அவங்களத் தொடுறதேயில்ல.

#16 கல்லடி_தமிழ்ரீச்சர்

முன்பள்ளி ஆசிரியைமாருக்குக் கிடைக்கிற கொடுப்பனவு மிகக் குறைவு. அங்க பொருளாக் குடுக்கிறது பிழையில்ல, ஆனாக் கற்பித்தலுக்குரிய பொருளாக் குடுங்க. பெரும்பாலும் அவங்க தங்கட கைக்காசிலதான் வாங்குறாங்க. இருபது பிள்ளைக்கு ஒரு தவணைக்கு 12 நிறப் பென்சில் பெட்டி ஐந்து (நாலு பேருக்கு ஒண்டு), பசை, பழைய கலண்டர் தாள் ஒரு கட்டு. கலண்டர்ட பின்பக்கம் வெள்ளை, படம் கீற அதைவிட நல்ல தாள் இல்ல. களிமண் வாங்கத் தேவையில்ல, கோதுமை மா ரெண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணி முக்கால் கப் பிசைஞ்சா மா உருண்டை. ஈரத்துக்கு மூணு நாளில பூஞ்சணம் பிடிக்கும், வாரத்துக்கு ஒரு பெற்றோர் முறை வச்சுப் பிசைஞ்சு குடுங்க.

அறநெறி, மத்ரஸாவுக்கு விஜயதசமி ஏடு தொடக்குதல், குர்ஆன் ஓதி முடிக்கிற நாள் என்று தனி வழக்கம் இரிக்கு. அதுக்குள்ளயே கடிதத்தையும் சேருங்க.

#17 நெறியாளர்

ஒரு பாதுகாப்பு அறிவிப்பு மட்டும். ஆசிரியர் தினத்துக்கு நுரை ஸ்பிறே வாங்கும் வகுப்புகள் கவனிக்கவும். டப்பாவுக்குள் அழுத்தி வைத்திருப்பது பல வகைகளில் தீப்பற்றும் வாயு. கேக் மெழுகுதிரி எரியும்போது அடித்தால் தலைமுடியும் பருத்திச் சாரியும் நொடியில் பற்றும். ஸ்பிறே அல்லது மெழுகுதிரி, இரண்டில் ஒன்றைத் தவிருங்கள். இரண்டையும் தவிர்த்தால் இன்னும் நல்லது.

#18 அளவுக்கரண்டி

அதோட வட்ஸ்அப் நேரம். இரவு 8க்குப் பிறகு "நாளைக்கு என்ன ஹோம்வேர்க் ரீச்சர்?" என்று கேட்கிறத நிப்பாட்டினாலே பாதி நன்றி சொன்ன கணக்கு. வகுப்புக் குறூப்பில ஒரு பெற்றோர் பொறுப்பெடுத்து, பின்னேரம் 4 மணிக்குப் பிள்ளைகள்ட கொப்பியப் பாத்து வீட்டுவேலைய ஒரே செய்தியாப் போடலாம். ஆசிரியர் அந்தக் குறூப்பில இருக்கவே தேவையில்ல. குறூப்பில இருக்கிறார் என்றா, "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று வைங்க. "குட் மோர்னிங்" பூப்படம் அறுபது வந்து, அதுக்குள்ள பரீட்சைத் திகதி புதைஞ்சு போகும்.

#19 ஏறாவூர்_உம்மா

கடைசியா ஒண்டு. எங்கட விஞ்ஞான ரீச்சருக்கு வருடாந்த இடமாற்றம் வந்திரிக்கி எண்டு கதை. ஒக்டோபர் 6லயே பிரியாவிடையும் சேர்த்து வைக்கலாமா?

#20 ஓய்வுநிலை_அதிபர்

வேண்டாம் மகள். கடிதம் கையில் வரும்வரை இடமாற்றம் என்பது கதைதான். மேன்முறையீடு செய்தால் மாறவும் கூடும், அவர் போகாமலும் விடலாம். முன்கூட்டிப் பிரியாவிடை வைத்தால் "அனுப்பப் பார்க்கிறார்கள்" என்று அவர் நினைக்கவும் இடமுண்டு. இடமாற்றக் கடிதம் உறுதியானதும், கடைசி வேலை நாளுக்கு முதல் நாள், அவர் படிப்பித்த வகுப்பறையிலேயே இருபது நிமிடம் போதும். அதற்கு முன்னர் செய்யக்கூடியது #8இல் உள்ள பெற்றோர் கடிதம். தனிப்பட்ட கோவை புதிய பாடசாலைக்குப் போக முன்னர் அது உள்ளே சேர வேண்டும். இந்தக் கிழமையே எழுதி, பன்னிரண்டு பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி அதிபரிடம் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதி முத்திரையுடன் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#21 ஏறாவூர்_உம்மா

சரி சேர். கையொப்பத்துக்கு இண்டைக்குப் பின்னேரமே போறன்.